வயரை இறுக்கியே ஓட்டிய வருடங்கள்

கோத்தகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில், முன்னால் போன முட்டைக்கோஸ் லாரி சட்டென்று வேகத்தைக் குறைத்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கைப்பிடியைத் தொட்டு என் விரலையே நசுக்கிய பிறகும் வண்டி தன் போக்கில் போனது. பின் பிரேக்கை மிதித்து, கியரை இரண்டுக்கு இறக்கி, லாரியின் பின்பலகைக்கு ஒரு முழம் முன்னால் எப்படியோ நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. கை நடுக்கம் நிற்கத்தான் கீழே டீக்கடையில் இரண்டு டீ தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"புல்லட்டுன்னா அப்படித்தான் தம்பி. பிரேக்க நம்பி மலையெறங்கறவன் எவன்? கியர்லதான் எறங்கோணும்."

வண்டி 1994 மாடல் புல்லட் 350. திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்தது. எஞ்சின் 346 சிசி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா 1997-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அன்றிலிருந்து அவர் அதை கியரில்தான் நிறுத்தினார். எனக்கும் அப்படியே கற்றுக்கொடுத்தார். புல்லட்டை நிறுத்துவதென்றால் முந்தின ஸ்டாப்பிலேயே முடிவெடுக்க வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு நக்கல் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன். அந்த லாரிக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. முன் சக்கரத்தில் 7 அங்குல டிரம் (சக்கரத்தின் நடுவில் அதோடு சேர்ந்து சுற்றும் இரும்புக் கிண்ணம்), அதன் உள்சுவரில் அழுந்தும் இரண்டு ஷூ, ஷூவை விரித்துத் தள்ளும் இரண்டு கேம். தெருவில் ஓடும் 100 சிசி வண்டிகளில் பலவும் 130 மில்லிமீட்டர் டிரம்மை வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் நிற்கின்றன. எங்களுடையது 178. பெரிய பிரேக் இது. பிடிக்காமல் இருக்க ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

காரணம் ஒன்றல்ல, பல என்பதைத்தான் அடுத்த ஐந்து வாரம் வாசலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

முன் சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்குக் கீழே ஒரு கட்டையைக் கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கினேன். பிரேக் வயரைக் கழற்றி, ஃபோர்க்கின் அடியில் ஆக்சிலைப் பிடித்திருக்கும் மூடிகளின் நட்டுகளை எடுத்தால் சக்கரம் கீழே இறங்கிவிடும். வயரைக் கழற்றும்போதே முதல் சாட்சி கிடைத்தது. அட்ஜஸ்டர் திருகு கடைசிப் புரிவரைக்கும் வெளியே வந்திருந்தது. அதுவும் போதாமல், அதன் அடியில் யாரோ இரண்டு வாஷர்களைச் செருகியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். 2019-இல், மழைக்காலத்துக்கு முன்னால்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஷூவின் மேலுள்ள உரசல் பட்டையான லைனிங் தேயத் தேய, ஷூ டிரம்மைத் தொட கேம் இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும். வயரை இறுக்கினால் லீவர் பழைய இடத்துக்கு வந்துவிடும். நமக்கு பிரேக் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் கீழே, வயர் இழுத்துக் கேமைத் திருப்பும் ஆர்ம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டு போகிறது. பிரேக் பிடித்த நிலையில் ஆர்மும் வயரும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால்தான் கையின் பலம் முழுதாகப் போய்ச் சேரும். அதைத் தாண்டினால் எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் வேலை செய்யும். சில வண்டிகளில் கேம் தண்டில் பல் இருக்கும். ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டு 'சரி' செய்து கொடுப்பார்கள். அது இன்னும் மோசம். தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளத்தையும் அழித்த மாதிரி.

ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட்டை இழுத்தேன், வரவில்லை. ஷூ உரசி உரசி டிரம்மின் உள்சுவர் பள்ளமாகிவிட்டது. உரசல் படாத வெளி விளிம்பு மட்டும் மேடாக நின்று ஷூவை மறித்தது. நகத்தால் தடவினால் தட்டும் அளவுக்கு மேடு. வயர் இழுத்த ஆர்ம்களை முழுதாகத் தளர்த்தி, பிளேட்டை ஆட்டி ஆட்டித்தான் எடுக்க முடிந்தது. உள்ளே கறுப்பு மாவு. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். காற்று அடித்தோ வாயால் ஊதியோ அதைப் பறக்கவிடக் கூடாது. முகமூடி போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, துணியைப் பையில் கட்டித் தூக்கிப் போட்டேன். மெக்கானிக் கடைகளில் கம்ப்ரசரை வைத்து 'புஸ்' என்று அடிப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் பக்கத்தில் எத்தனை நாள் டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று கணக்குப் போடத் தோன்றியது.

ஷூக்களைப் பிரிப்பதற்கு ஒரு லாகவம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, புத்தகத்தை மூடுவது போல நடுவில் மடக்கினால் ஸ்பிரிங் தானாகத் தளர்ந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் ஸ்பிரிங் எகிறி முகத்துக்கு வரும். இதைச் சொல்லிக்கொடுத்தது அப்பா. அதற்குள் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு திண்ணைக்கே வந்துவிட்டார்.

அவருடைய டிரங்குப் பெட்டியில் மில் நாளைய வெர்னியர் அளவுகோல் ஒன்று இருந்தது, 200 மில்லிமீட்டர் வரை அளப்பது. சாதாரணமாகக் கிடைக்கும் 150 மில்லி வெர்னியர் இந்த டிரம்முக்குப் பத்தாது. 7 அங்குலம் என்றால் 177.8 மில்லிமீட்டர். அப்பா டிரம்மைக் கடிகார முகம் போல வைத்து அளந்து சொல்ல, நான் எழுதினேன். பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் இடையில் 178.5. மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையில் 178.9. அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். அதேதான் வந்தது. டிரம் வட்டமாகவே இல்லை.

கண்டதை எல்லாம் ஒரு பழைய கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதினேன். டிரம் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. ஒரு ஷூவில் லைனிங் ரிவெட் தலைக்கு மேலே ஒரு மில்லிகூட இல்லை. கேம்களின் முகத்தில் தட்டையாக ஒரு தேய்மானம். கேம் தண்டு ஓடும் துளையில் ஆட்டம். வயரின் உறை தொய்ந்து, லீவரைப் பிடிக்கும்போது வளைந்து அமுங்குகிறது. லீவரின் பிவட் துளை முட்டை வடிவம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பம். லீவரில் கை கொடுக்கும் அழுத்தம் இந்த ஆறு இடத்திலும் வரி கட்டிவிட்டு மிச்சமிருந்ததுதான் ஷூவுக்குப் போயிருக்கிறது. மலையில் சூடு ஏறியதும் ஏழாவதாக இன்னொன்று சேர்ந்தது. இரும்பு டிரம் 150 டிகிரி கூடுதலாகச் சூடானால் இந்த அளவு விட்டத்துக்கு 0.3 மில்லிமீட்டர் போல விரியும். அதாவது ஷூவை விட்டு விலகிப் போகும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. டிஸ்க் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும். ஏற்கனவே கடைசி மில்லியில் ஓடிக்கொண்டிருந்த என் பிரேக், குஞ்சப்பனையில் அந்த 0.3-ஐக் கொடுக்க வழியில்லாமல் கைவிட்டுவிட்டது.

முதலில் செய்தது தப்பு. சொல்லிவிடுகிறேன்.

டிரம்மைக் கடைந்து வட்டமாக்க, கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். டிரம்மைக் காட்டினேன். இந்த முன் ஹப்பில் டிரம்மும் ஹப்பும் ஒரே உருப்படி. போக்ஸ் கம்பிகள் நேராக அதிலேயே மாட்டியிருக்கும். எப்படியும் துருப்பிடித்த கம்பிகளை மாற்றப் போகிறேன், ஆகவே கம்பிகளை வெட்டி எறிந்துவிட்டு வெறும் ஹப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். சின்ன உருப்படி, சின்ன லேத்திலேயே முடிந்துவிடும், கூலியும் குறைவு.

"கம்பி கட்டீட்டுக் கொண்டாங்க கண்ணு, அப்பறம் கடையலாம்" என்றார்.

"இல்லீங்க மாஸ்டர், இப்பவே கடைஞ்சு குடுத்துருங்க. கம்பி அப்பறம் கட்டிக்கறேன்."

ஒரு பார்வை பார்த்தார். கடைந்து கொடுத்தார். வீட்டில் அளந்தால் நாலு பக்கமும் 179.0. வெற்றி. புதுக் கம்பி கட்டி, ரிம்மை நேராக்கி வாங்கி வந்து, சும்மா ஒரு நிம்மதிக்காக அப்பாவிடம் வெர்னியரைக் கொடுத்தேன். 179.0, 179.2, 178.9. மறுபடியும் நீள்வட்டம். ஒவ்வொரு கம்பியும் தன் பக்கம் இழுக்கிறது. எல்லாம் ஒரே இழுவையில் இருப்பதில்லை. அந்த இழுப்பில் வார்ப்பிரும்பே நெளிகிறது. கையால் தொட்டால் கல் மாதிரி இருக்கும் உருப்படி. அதுவா நெளியும் என்று தோன்றும். நெளிகிறது.

சக்கரத்தை டயரில்லாமல், ரிம்மோடு தூக்கிக்கொண்டு மறுபடி போய் நின்றேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பையனிடம், "பெரிய மெஷின் பக்கம் வெய்யி" என்றார். 19 அங்குல ரிம் லேத்தில் சுற்ற வேண்டுமானால் வெளிவிட்டம் அரை மீட்டருக்கு மேல் போகிறது; சாதாரண லேத்தில் அது அடியிலுள்ள பெட்டில் இடிக்கும். பெட்டில் ஒரு துண்டைக் கழற்றிப் பள்ளம் விடும் மெஷின் அவரிடம் ஒன்று இருந்தது. பேரிங் உட்காரும் இடத்தை ஆதாரமாக வைத்து மாண்ட்ரல் என்னும் தண்டில் சக்கரத்தை ஏற்றினார். ஓடும்போது டிரம் எந்த மையத்தில் சுற்றுமோ அதே மையத்தில்தான் கடைய வேண்டும். ரிம்மைப் பார்த்து மையம் பிடித்தால் கெட்டது.

முதல் வெட்டுக்கு டூல் தொட்டதும் சக்கரம் முழுதும் கோயில் மணி மாதிரி பாடியது. உடனே நிறுத்திவிட்டார். மூலையில் கிடந்த சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்து டிரம்மின் வெளிச்சுற்றில் இறுக்கிச் சுற்றிக் கட்டினார். கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் வேஸ்ட் துணியைத் திணித்தார். மறுபடி ஓட்டினார். பாட்டு நின்றது. 'சர்ர்ர்' என்று ஒரே சீராக, மிளகுத்தூள் போலக் கறுப்புப் பொடி கொட்டியது. மெல்லிய வெட்டுகள், ஒரு தடவைக்கு 0.1 போலத்தான். பாதியில் ஒரு பக்கம் பளபளப்பாகவும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் இருந்தது; எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று டிரம்மே காட்டியது. கடைசி வெட்டில் சுற்று முழுதும் ஒரே நிறம். 179.3. புது அளவை விட ஒன்றரை மில்லி கூடுதல். என் கணக்கில் இதற்கு மேல் இந்த டிரம்மைக் கடைவதற்கில்லை. அடுத்த தடவை ஹப்பையே மாற்ற வேண்டியதுதான். என் முதல் அவசரம் 0.3 மில்லியைத் தின்றுவிட்டது.

800 ரூபாய் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போதுதான் சொன்னார்: "வெறும் ஹப்பக் கொண்டாந்தப்பவே தெரியும் கண்ணு, மறுக்கா வருவீங்கன்னு."

டிரம் பெரிதாகிவிட்டதால் கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஷூ ஒத்துவராது. ஒரு செட் வாங்கி வைத்துப் பார்த்தேன். ஷூவின் வளைவு சின்ன வட்டத்தினுடையது, டிரம்மின் வளைவு பெரிய வட்டத்தினுடையது. நடுவில் மட்டும் தொட்டது, இரண்டு முனையிலும் காகிதம் நுழையும் சந்து. அப்படியே ஓட்டித் தேய்த்துப் பொருத்திக்கொள்ளலாம் என்பார்கள். அதற்குள் எத்தனை லாரிகளைப் பார்க்க வேண்டுமோ.

பழைய அலுமினியம் ஷூக்களையே எடுத்துக்கொண்டேன். ரிவெட்டுகளை டிரில் பண்ணி எடுத்து, வழக்கத்தை விட ஒரு மில்லி தடித்த லைனிங் வாங்கி, வீட்டிலேயே ரிவெட் அடித்தேன். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போக வேண்டும். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் நடுவில் லைனிங் உப்பிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் முன்னால் அந்த இடத்தை சி-கிளாம்பில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மெல்லத் தட்டினாலே மென்மையான ரிவெட் விரிந்து உட்காரும். ஓங்கி அடித்தால் லைனிங் வெடிக்கும். ஒன்று வெடித்தது. ஒட்டும் லைனிங் இதைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு அழுத்திப் பிடித்து அடுப்பில் வேக வைக்க வேண்டும். வீட்டு அவனில் அதைச் செய்யலாமா என்று கேட்டதற்கு மனைவி பதில் சொல்லவில்லை.

அப்புறம்தான் இந்த வேலையின் உயிர்நாடி வருகிறது. லைனிங்கை டிரம்மின் வளைவுக்குக் கொண்டு வருவது. டிரம்முக்குள் முரட்டு எமரி துணியை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். ஷூ மாட்டிய பிளேட்டை உள்ளே வைத்து, ஆர்மை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மாவாட்டுவது போலச் சுற்றினேன். பிறகு எமரியை உரித்துவிட்டு, டிரம்மின் உள்சுவரில் சாக்பீஸைத் தேய்த்து, பிளேட்டை வைத்து ஒரு சுற்று. வெளியே எடுத்தால் லைனிங்கில் எங்கெல்லாம் டிரம் தொட்டதோ அங்கெல்லாம் வெள்ளை. முதல் நாள், நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு திட்டு. அந்தத் திட்டை மட்டும் அரத்தால் சீவி, மறுபடி சாக்பீஸ், மறுபடி சுற்று. மூன்று சாயந்தரம். மூன்றாம் நாள் லைனிங்கில் முக்கால்வாசி வெள்ளையாக வந்தது. அப்பா ஷூவை வாங்கி, பல்ப் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போதும், மிச்சத்தை ரோடு பாத்துக்கும்" என்றார். முனைகளைக் கொஞ்சம் சரிவாகச் சீவிவிட்டேன். இல்லாவிட்டால் டிரம்மை வெடுக்கென்று கவ்வும், கீச்சென்று கத்தும்.

இரண்டு கேம் வைத்த பிரேக்கின் சூட்சுமத்தை இங்கே சொல்லிவிடலாம். ஒரு கைத்தடியை முன்னால் சாய்த்து ஊன்றித் தள்ளிக்கொண்டு நடந்தால் அது தரையில் குத்தி நிற்கும். அதையே பின்னால் இழுத்துக்கொண்டு போனால் சும்மா உரசிக்கொண்டு வரும். டிரம் சுற்றும் திசையை எதிர்த்து நிற்கும் ஷூவை டிரம்மே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நம் கையின் வேலையில் பாதியைச் சக்கரமே செய்துவிடும். ஒரு கேம் இருக்கும் பிரேக்கில் ஒரு ஷூதான் இப்படிக் குத்தும், மற்றது இழுபடும். இரண்டு கேம் இருந்தால் இரண்டுமே குத்தும். ஆனால் இரண்டும் ஒரே நொடியில் டிரம்மைத் தொட்டால்தான் இந்த லாபம். ஒன்று தொட்டு மற்றது கால் மில்லி பின்தங்கினால், முந்திக்கொண்டது மொத்த அழுத்தத்தையும் வாங்கிக்கொள்ளும், மற்றது வேடிக்கை பார்க்கும். எங்கள் வண்டியில் எத்தனை வருடமாக ஒரு ஷூ வேடிக்கை பார்த்ததோ, அதன் லைனிங் மட்டும் மற்றதை விட நன்றாகவே தடிப்பாக இருந்தது.

இரண்டு ஆர்ம்களையும் இணைக்கும் கம்பியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஆர்மையும் தனித்தனியாக ஷூ தொடும் வரை திருப்பி, அந்த நிலையில் இணைப்பு ஆணி இரண்டு துளையிலும் தானாக நுழையும்படி கம்பியின் நீளத்தைத் திருகிச் சரி செய்தேன். பத்து நிமிட வேலை. 25 வருடமாக எங்கள் வீட்டில் யாரும் செய்யாத பத்து நிமிடம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கேம் இரண்டும் புதிது. தண்டு ஓடும் துளைக்கு மாஸ்டர் பித்தளை வளையம் (புஷ்) போட்டுக் கொடுத்தார். கேம் தண்டுக்குத் துளி கிரீஸ், அவ்வளவுதான். அதிகமானால் சூட்டில் உருகி லைனிங்குக்குப் போகும். எண்ணெய் குடித்த லைனிங்கைத் தீயில் காட்டிச் சரி செய்வார்கள் சிலர். சரியாகாது, அடுத்த சூட்டில் மறுபடி கசியும். உறை தடித்த புது வயர் வாங்கி, மேல்முனையில் பாலித்தீன் கவரைக் கூம்பாகக் கட்டி, ராத்திரி முழுதும் எண்ணெய் இறங்க விட்டேன். லீவரையும் மாற்றினேன்.

சக்கரத்தை மாட்டும்போது இரண்டு விஷயம். பிரேக் பிளேட் சுற்றாமல் பிடிக்கும் நாக்கு ஃபோர்க்கின் காலில் இருக்கிறது. பிளேட்டின் வாய் அதில் உட்கார்ந்ததா என்று கையை விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். உட்காராவிட்டால், பிரேக் பிடித்த நொடியில் பிளேட்டும் சேர்ந்து சுற்றும். அப்புறம் நடப்பதை எழுத வேண்டியதில்லை. இன்னொன்று, கடைசி நட்டுகளை இறுக்குவதற்கு முன்னால் அப்பாவை லீவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்த நிலையில் ஷூக்கள் பிளேட்டை டிரம்மின் நடுவுக்குத் தாமாக இழுத்து வைக்கும். அந்த நிலையிலேயே இறுக்கினால் மையம் தப்பாது.

பிரிப்பதற்கு முன்பே, விடிகாலையில் ஆள் இல்லாத லேஅவுட் சாலையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டில் முன் பிரேக்கை மட்டும் பிடித்து, நிற்கும் இடம் வரை எட்டு வைத்து எண்ணியிருந்தேன். அப்போது 25 எட்டு. புது லைனிங்கை இருநூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்கிய பிறகு அதே சாலை, அதே கோடு: 15. இரண்டே விரலில்.

அப்பா ஓட்டிப் பார்த்தார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, வழக்கம் போல நாலு வீடு தள்ளியே கியரை இறக்க ஆரம்பித்தார். பிரேக்கைத் தொட்டாரா என்றே தெரியவில்லை. கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா பழக்கம் உடோணுமே."

போன மாதம் மறுபடி கோத்தகிரி. இறக்கத்தில் லீவர் ஒரே இடத்தில் நின்றது. கீழே வந்து டிரம்மில் எச்சில் தொட்டு வைத்தால் சுர்ரென்றது, அவ்வளவே. ஏறும்போதுதான் இந்த பிரேக்கின் மறுபக்கம் தெரிந்தது. ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்து, முன் பிரேக்கை மட்டும் பிடித்தேன். வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. முன்னே போகும்போது குத்தி நிற்கிற இரண்டு ஷூவும், பின்னே உருளும்போது இழுபடும் ஷூக்களாகிவிடுகின்றன. பிழை எதுவும் இல்லை, அதன் அமைப்பே அப்படி. ஏற்றத்தில் நிற்க இடது கால்தான்.

அந்த இடது கால் மிதிக்கும் பின் பிரேக்கை நான் இன்னும் தொடவில்லை. 6 அங்குல டிரம், ஒரே கேம், ராடு. ராடின் அட்ஜஸ்டர் நட்டு கடைசிப் புரியில் நிற்கிறது. நேற்று குனிந்து பார்த்தேன், அதற்கடியிலும் ஒரு வாஷர். அதை நான் போட்டதாக ஞாபகம் இல்லை. அப்பாவிடம் கேட்டால் பேப்பரை விரித்துக்கொள்கிறார். ஆயுத பூஜைக்குள் அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட வேண்டும். கம்பிகள் துருதான், ஆனால் இந்தத் தடவை முதலில் கம்பி.